கணினி என்னை நம்பியது

அடி யெசெனியா,

கோபம் தணிந்ததும் படி. தணியாவிட்டால் திட்டிக்கொண்டே படி.

அலபாமாவின் இந்தக் கோழி இறைச்சி ஆலையில் என் பெயர் பிரெண்டா. டெக்சாஸில் பிறந்த அசல் பிரெண்டா என்ற புண்ணியவதியின் அடையாள அட்டையை வைத்துக்கொண்டு, வருஷாவருஷம் அவள் பிறந்தநாளுக்கு நான் கேக் வெட்டுகிறேன். வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி உண்டா என்று கணினியில் பார்க்க வேண்டுமெனச் சட்டம் வந்ததும், ஸ்பானிஷ் தெரிந்த யோக்கியப் பெண் என்று முதலாளி என்னையே அங்கே உட்காரவைத்தார். திருடி கையில் சாவி!

நான் தடுத்தும் கேட்காமல், பிள்ளைக்குப் பால்மாவு தீர்ந்துவிட்டதென்று, போலி அட்டையோடு இன்று வந்து நின்றாய். கணினி உன்னை மறுத்தது. முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

“மூக்கு உன்னை மாதிரியே இருக்கே! சொந்தமா?”

“எங்க ஆளுங்க எல்லாருக்கும் இதே மூக்குதான் சார்.”

அவர் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

“உங்களுக்கு அனுமதி இல்லீங்கம்மா, கிளம்புங்க” என்றேன்.

“சரிங்க மேடம்” என்றாய். முகத்தில் காறித் துப்பியிருக்கலாமடி நீ.

“கறாரான ஆளு பிரெண்டா!” என்று தட்டிக்கொடுத்தார் முதலாளி.

பால்மாவு வாங்கி வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொண்டு, என் சொந்தப் பேரைச் சொல்லித் திட்டிவிட்டுப் போ. இந்த நாட்டில் அது தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

உன் அக்கா