சின்னவளின் கேமரா விஷயமாக

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை, போன வாரம் அனுப்பிய படத்தில் கன்னம் நன்றாக உப்பியிருந்தது, அதிலேயே தெரிந்துகொண்டேன். போனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ முடித்து வைக்கிறாய், அதற்குப் பதிலும் நீயே சொல்லிக்கொள்கிறாய், கடைசியில் சரிம்மா வைக்கிறேன் என்று வைத்தும் விடுகிறாய். காகிதத்தில் அந்த வித்தை நடக்காது. உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படி.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். குளியலறைக் குழாய் மாற்றியாயிற்று. உன் அப்பா லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில் முழங்கையை இடித்துக்கொண்டு வந்து நாலு நாள் சட்டைப் பொத்தானை என்னைப் போடச் சொன்னார், இப்போது தேவலை. மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், அவர்கள் விட்டுப்போன அலமாரி படிக்கட்டிலேயே நிற்கிறது, போகும்போதும் வரும்போதும் இடுப்பில் இடிக்கிறது. அவ்வளவுதான் செய்தி. மிச்சமெல்லாம் உன் தங்கச்சியின் கேமரா விஷயம்.

நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன், உனக்கு மறந்திருக்கும், மறக்க வசதியான விஷயம்தானே. கூரியர் அலுவலகக் கவுண்டரில் இரண்டு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்துப் பணம் சேர்த்தாள், படம் எடுப்பதே தொழில் என்று அந்த வேலையை விட்டாள். மூன்று கடை ஏறி இறங்கி விசாரித்து, ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தாள். யாரோ வைத்திருந்து விற்ற சாதாரண பாடி ஒன்று, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா, அதில் மிச்சமாகும் பணத்துக்கு நல்ல லென்ஸ் ஒன்று. உள்ளரங்கில் நடக்கும் விளையாட்டுகளைத்தான் எடுக்கப் போகிறேன், அங்கே வெளிச்சம் குறைச்சல், இந்த லென்ஸ் வாய் அகலம், இருக்கிற வெளிச்சத்த அள்ளிக்கும்மா என்று எனக்கு விளக்கினாள். சரியாகத்தான் சொன்னாள். அன்று சாயங்காலம் நீ வீடியோவில் வந்தாய். நோட்டை அவள் காட்டக் காட்ட நீ வேறு எதையோ மென்றுகொண்டிருந்தாய். பழைய பாடியெல்லாம் வேஸ்ட், வாங்குறதுன்னா பெரிசா ஒரே தடவையா வாங்கு, லென்ஸ் பெட்டியோட வர்றதே போதும், அப்புறம் பாத்துக்கலாம் என்றாய். நான் வாயைத் திறந்தேன். அம்மா, நீ மூக்குக்கண்ணாடி கடையில இருக்கிறவ, இது வேற சமாச்சாரம், குறுக்க வராத என்றாய். உன் அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் வாயை ஊசி நூல் எடுத்துத் தைக்கலாம் போல இருக்கிறது.

இருபத்தாறு வருஷமாக அந்தக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து லென்ஸுக்கு ஓரம் தீட்டிக்கொண்டிருக்கிறேன். உன் முதல் கண்ணாடியும் என் மெஷினில்தான் தேய்ந்தது. கையில் இருப்பதையெல்லாம் ஃப்ரேமில் போட்டுவிட்டு, லென்ஸ் ஏதாவது சாதாரணமா போட்டுக் குடுங்க என்று சொல்கிறவர்களை வாரத்துக்கு நாலு பேர் பார்க்கிறேன். மூன்றாம் நாள் தலைவலி என்று திரும்பி வருவார்கள், கண்ணாடியில் அழகாகத்தான் இருப்பார்கள். ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் அதைப் பார்ப்பது லென்ஸ்தான் என்று சொல்ல எனக்கு நீ சான்றிதழ் தர வேண்டியதில்லை. ஆனால் உன் புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உங்கள் இரண்டு பேருக்கும் உன் அப்பா எப்போது செருப்பு வாங்கினாலும் இரண்டு அளவு பெரிதாகத்தான் வாங்குவார். வளர வளரப் போட்டுக்கலாம் என்பார். முன்பக்கம் காகிதத்தை அடைத்துக்கொண்டு நடந்தீர்கள், கால் வளர்வதற்குள் செருப்பு அறுந்துவிடும். ஒரு தடவைகூட அந்தச் செருப்புக் காலுக்குச் சரியாக இருந்தது கிடையாது. அதே கணக்கில் அவளுக்குக் கேமரா வாங்க வைத்தாய். வேறு எந்த வீட்டிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது.

பிறகு அந்த இறகுப்பந்துப் போட்டி. அவளுக்குக் கிடைத்த முதல் வேலை, இரண்டு நாள். கூரை உயரத்தில் குழல் விளக்கு, ஆட்டக்காரர் கண் கூசும் என்று ஃப்ளாஷ் போடக்கூடாது. நீ போதும் என்று சொன்ன லென்ஸ் அந்த வெளிச்சத்தில் என்ன செய்யும்? ஷட்டர் மெதுவாகத்தான் மூடும். மட்டை ஒரு இடம், கை ஒரு இடம், முகம் எங்கேயோ. கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டுகிற ஏதோ ஒரு நம்பரை ஏற்றிப் பார்த்தாளாம், படம் முழுக்க மணல் தூவினாற்போல ஆயிற்று. போட்டி நடத்தியவர் நல்ல மனுஷன், திட்டவில்லை. என்னம்மா, எல்லாரும் பேய் மாதிரி இருக்காங்க என்று மட்டும் கேட்டிருக்கிறார். அவள் வீட்டுக்கு வந்து என்னிடம்கூடச் சொல்லாமல் உன்னிடம் சொன்னாள். அண்ணன் ஏதாவது வழி சொல்லுவான் என்று.

நீ என்ன செய்தாய்? வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் எழுதினாய். சித்தப்பா, அத்தை, மாமா, அவர்கள் பிள்ளைகள், மருமகள்கள், பதினெட்டுப் பேர் பார்க்கிற இடத்தில். கேமராவுல ஒரு குறையும் இல்ல, எடுக்கிற கைக்கு வரணும், சில பேருக்கு வராது என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மையும் வைத்தாய். ஏழு பேர் சேர்ந்து சிரித்தார்கள். ஒரு விஷயம் கேட்கிறேன், நீ உன் வாழ்நாளில் இந்த மாதிரிக் கேமரா ஒன்றைக் கையில் பிடித்திருக்கிறாயா? உனக்கு எவ்வளவு தெரியும் என்று உன்னைப் பெற்ற எனக்குத் தெரியும். நாலு வீடியோ பார்த்ததும் கொம்பு முளைத்துவிட்டது. தப்பாகச் சொன்னது பெரிய குற்றமில்லை, யாருக்கும் வரும். தப்பைத் தூக்கி அவள் கையில் வைத்துவிட்டு நீ கையைத் தட்டிக்கொண்டு போனாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மூன்று வாரம் அவள் அந்தப் பையின் ஜிப்பைத் திறக்கவில்லை. நான் ஒரு நாள் அரை நாள் விடுப்புப் போட்டு, வர மாட்டேன் என்றவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பழைய கேமரா வாங்கி விற்கிற கடைக்குப் போனேன். வழியெல்லாம் என்மேல் எரிந்து விழுந்தாள். கடைக்காரர் முதலில் நீட்டிய லென்ஸை ஜன்னல் பக்கம் தூக்கிச் சாய்த்துப் பார்த்தேன், உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை. இரண்டாவதில் யாரோ துணியால் துடைத்துத் துடைத்து மேல்பூச்சு போயிருந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய் மூன்றாவதை எடுத்து வந்தார். தெளிந்த கண்ணாடி. நீ வாங்க வைத்த பெரிய கேமராவைக் கொடுத்துவிட்டு, அவள் நோட்டில் எழுதியிருந்த அதே மாடல் பாடியையும் இந்த லென்ஸையும் வாங்கினோம். இதுவரை எத்தனை படம் எடுத்துத் தேய்ந்த பாடி என்று அவள்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நஷ்டம் உண்டு, எவ்வளவு என்று எழுத மாட்டேன். இந்த லென்ஸில் ஜூம் கிடையாது, கிட்ட வேண்டும் என்றால் நடந்து போக வேண்டும். நடக்கக் கால் இருக்கிறது.

போன சனிக்கிழமை அதே அரங்கில் பயிற்சி ஆட்டத்தை எடுத்தாள். நான் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு படம், பெண் ஒருத்தி எம்பி அடிக்கிறாள், நெற்றி வியர்வை தனித்தனிச் சொட்டாகத் தெரிகிறது. போட்டி நடத்துகிறவர் பார்த்துவிட்டு அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் வந்து எடுக்கச் சொன்னார், ஒரு வாரம் தள்ளி வரும் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லணும் என்றார். நான் பூரித்துப் போனேன். அவள் பூரிக்கவில்லை. லென்ஸ் நல்ல லென்ஸும்மா, அதான் வந்திருக்கு, எனக்குக் கை வராது, அண்ணன் சொன்னது சரிதான் என்கிறாள். கூரியர் கவுண்டரில் மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டு எழுதியும் வைத்திருக்கிறாள், இன்னும் அனுப்பவில்லை. பார்த்தாயா நீ செய்து வைத்த காரியத்தை. கெட்டால் அவள் கை, நன்றாக வந்தால் லென்ஸ். இந்தக் கணக்கை அவள் தலையில் ஏற்றியது நீதான். நானும் உன் அப்பாவும் தினம் சொல்கிறோம், நீங்க அப்படித்தான் சொல்வீங்க என்று தட்டிவிடுகிறாள். நீ சொன்னால்தான் இறங்கும்.

அன்று அரங்கிலிருந்து வரும்போது பேருந்தில் ஒன்று கேட்டாள். அம்மா, உனக்கு அன்னைக்கே தெரியும் இல்ல, அப்புறம் ஏன் பேசல என்றாள். நான் கையிலிருந்த பேருந்துச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தேன். உன் முன்னால் வாயைத் திறந்தால் அவமானப்படுவோமோ என்று பயந்தேன் என்பதுதான் உண்மை. பெற்ற பிள்ளையிடம் பயம்.

உன்னிடம் விளக்கம் கேட்கவில்லை, எனக்குத் தனியாகப் போன் செய்து சமாதானம் சொல்லவும் வேண்டாம். எந்தக் குழுவில் எழுதினாயோ அதே குழுவில், அதே பதினெட்டுப் பேர் பார்க்க, நான் தப்பா வாங்க வச்சேன், அவ முதல்ல கேட்டதுதான் சரி என்று எழுது. பொம்மை வேண்டாம். வருகிற ஞாயிறு ராத்திரிக்குள் எழுது, திங்கட்கிழமை அவள் பதில் சொல்ல வேண்டும். நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன், நான் எழுதினால் சுருக்கமாக இருக்காது.

நல்ல புத்தியோடும் நல்ல உடம்போடும் நீண்ட நாள் இரு, கோபத்திலும் என் ஆசீர்வாதத்தில் ஒன்றும் குறைக்கவில்லை. கண் பரிசோதனை செய்து ஒன்றரை வருஷம் ஆகிறது, செய்துகொள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேருந்தில் சீட்டை மடித்துக்கொண்டிருந்த நான், வீட்டுக்கு வந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், பேசாமல் இருந்தது என் தப்பு என்று உன் அப்பா முன்னாலேயே சொன்னேன். வாய் கோணிக்கொள்ளவில்லை. அன்று ராத்திரி சாப்பாடும் நன்றாகவே இறங்கியது. உனக்கும் ஒன்றும் ஆகாது.

இப்படிக்கு,
உன் அம்மா