வலி, பத்துக்கு நாலு

மார்ச் 3, செவ்வாய்
இன்று பதினாலு விண்ணப்பங்களைத் தள்ளினேன். மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியில் எனக்குப் பட்டப்பெயர் 'ஏழாம் நம்பர்'. அவசர சிகிச்சைக்குப் பணம் கேட்பவர்களுக்கு மறுத்து அனுப்பும் ஏழாம் நம்பர் கடிதத்தை எழுதியவனே நான்தான்: "தங்கள் நிலை, அவசரமானதாகக் கருத இயலாதது." இத்தனை வருஷத்தில் ஒரு கமா மாறவில்லை. பெருமைதான், வேறென்ன.

சாயங்காலம் மச்சினன் வந்தான். பஸ் ஓட்டுகிறவன். நாடு முழுக்க எல்லாருக்கும் அரசாங்கமே வைத்தியச் செலவைப் பார்க்கணுமாம். "சும்மா கிடைச்சா தலைவலிக்கெல்லாம் வந்து உக்காந்துடுவான்டா" என்றேன். சாப்பாடு ஆறியதுதான் மிச்சம்.

மார்ச் 8, ஞாயிறு
வயிற்றில் வலி. வாயு. ஏழாம் நம்பர் கேஸ்.

மார்ச் 9, திங்கள்
அவசரப் பிரிவுக்கு மனைவி இழுத்துக்கொண்டு போனாள். "வலி பத்துக்கு எத்தனை சார்?" என்றார் நர்ஸ். பத்து என்று சொல்பவனை நான் நம்பியதே இல்லை; ஃபைலில் பத்தைப் பார்த்தாலே கை சிவப்புப் பேனாவுக்குப் போகும். வாயைத் திறந்தேன், "நாலு" என்று வந்தது. நர்ஸ் நாற்காலியைக் காட்டினார்.

"ரெண்டா மடிஞ்சு நிக்கிறீங்க, நாலாம் நாலு! எட்டுன்னாவது சொல்லித் தொலைங்களேன்" என்று மனைவி பல்லைக் கடித்தாள்.

ஆறு மணி நேரம். கால் சுளுக்கிய ஒருவர் ஒன்பது சொல்லி எனக்கு முன்னால் உள்ளே போனார். மூன்று மணிக்கு வலி பட்டென்று நின்றது. "பாத்தியா? வாயுதான். ஆஸ்பத்திரிச் செலவு மிச்சம்!" நானாகவே போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ராஜா மாதிரி வெளியே நடந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்
காய்ச்சல். நடுக்கம். எழுத முடியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு
ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறேன். குடல்வால் வெடித்ததால்தான் அன்றைக்கு வலி நின்றதாம். "இன்னும் அரை நாள் விட்டிருந்தா எங்களால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார் டாக்டர். ராஜா மாதிரி நடந்தானாம் ராஜா! என்ன புத்திடா உனக்கு? மனைவி கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

மச்சினன் மட்டும், "நாலுதானே மாமா?" என்றான். சிரித்தால் தையல் வலிக்கிறது. எட்டு இருக்கும்.

ஏப்ரல் 7, செவ்வாய்
ஆபரேஷன் செலவு கேட்டு எங்கள் கம்பெனிக்கே நான் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வந்துவிட்டது. ஆபீஸில் என் எதிர் மேஜைக்காரர் கையெழுத்து. 'வலி நான்கு என்று நோயாளியே கூறி, தாமாகவே வெளியேறியுள்ளார். எனவே—' மீதியைப் படிக்கவில்லை, மனப்பாடம். கமா அதே இடத்தில் இருந்தது. வீடு கட்டச் சேர்த்த பணம் அத்தனையும் போச்சு. மனைவியிடம் எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 13, திங்கள்
வேலைக்குத் திரும்பினேன். மச்சினன் சொன்ன அந்த அரசு வைத்தியத் திட்டம் வேண்டாம் என்று கம்பெனி சார்பில் மனுவாம். எழுதித் தர என்னைவிட்டால் ஆள் இல்லையாம். மேனேஜர் எல்லாரையும் கூட்டி வைத்து, பேருக்கு ஒரு கேள்வி கேட்டார்: "யாருக்காவது ஆட்சேபம்னா கையத் தூக்குங்க."

வலது கையைத் தூக்கினால் தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கும்.

இழுத்தது.