எட்டு லட்சம் என்று சொன்ன வாய்

மார்ச் 3, 2025

கோர்ட் ஆளே வீடு தேடி வந்து கடிதம் கொடுத்தான். மர்பி டவுனில் இந்த மரியாதை வேறு யாருக்கு? கன்னடம். நான் பாதி படித்தேன், மீதியை என் மனைவி சொர்ணம் படித்தாள்.

கீழ்வீட்டு ரெமிஜியஸ், கணேசமூர்த்தி என்பவரிடம் வாங்கிய கடனைக் கட்டவில்லையாம். அதனால் மாத வாடகைக்குப் பதிலாக அவன் என்னிடம் மொத்தமாகக் கொடுத்து, காலி செய்யும்போது வாங்கிக்கொள்ளும் லீஸ் பணம் எட்டு லட்சத்தை அவனுக்குத் திருப்பித் தரக் கூடாது, கோர்ட்டில் கட்டு, இல்லையென்றால் 18-ம் தேதி வந்து காரணம் சொல் என்று உத்தரவு.

எட்டா? அவன் கொடுத்தது அஞ்சுதானே!

மார்ச் 5

ஞாபகம் வந்துவிட்டது. போன மாதம் அல்சூர் டீக்கடையில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர், "வீடு லீஸுக்கு விட்டிருக்கீங்களாமே ண்ணா, எவ்ளோ?" என்றார்.

"எட்டு லட்சம். அப்படியே பேங்க்ல தூங்குது. நாளைக்கே கேட்டாலும் எடுத்து வீசுவேன்."

அவர்தான் கணேசமூர்த்தி. அவர் டீக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

மார்ச் 6

பேங்கில் இருப்பது பதினோராயிரம். அஞ்சு லட்சமும் மாடி அறையாக நிற்கிறது. எட்டு கட்டச் சொன்னால்? வீட்டை ஏலம் விடுவார்களோ?

மார்ச் 11

ரெமிஜியஸ் வாசலில் நின்று அழுதான். "அண்ணா, அந்தப் பணம் போச்சுன்னா வேற வீட்டுக்கு எதைக் குடுப்பேன்?" சுப்ரீம் கோர்ட் வரை எனக்கு ஆள் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன்.

உள்ளேயிருந்து சொர்ணம்: "எட்டுன்னு சொன்ன வாயாலயே போய் அஞ்சுன்னு சொல்லுங்க. ஜட்ஜுக்கும் டீ வாங்கிக் குடுத்துடாதீங்க."

மார்ச் 18

கோர்ட்டில் ஆயிரம் பேர். சரி, நாற்பது. என் வக்கீல் பிரிஸில்லா மேடம், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க அங்கிள்" என்றார். ஜட்ஜ் கன்னடத்தில் கேட்டார், பணம் எங்கே? பேங்க் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

அஞ்சுதான் ஐயா. மாடி கட்டிவிட்டேன். டீக்கடையில் சொன்னது சும்மா பெருமைக்கு.

பின்னால் சிரித்தார்கள். கணேசமூர்த்தி சிரிக்கவில்லை. மேடம் லீஸ் பத்திரத்தைக் காட்டினார். டிசம்பரில் லீஸ் முடியும்போது அஞ்சைக் கோர்ட்டில் கட்டு, அதுவரை ரெமிஜியஸிடம் கொடுக்காதே என்று முடித்தார் ஜட்ஜ். டிசம்பர் வரையாவது அவனுக்கு வீடு இருக்கிறது. எனக்கும்.

மார்ச் 23

மாடி அறையை லீஸுக்குப் பார்க்க தினேஷ் என்று ஒருவர் வந்தார். அவர் கொடுத்தால்தான் நான் கோர்ட்டில் கட்ட முடியும்.

"தண்ணி எப்படிங்க?"

இருபத்துநாலு மணி நேரமும் காவேரித் தண்ணி என்றுதான் எப்போதும் சொல்வேன்.

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவை. ஒரு மணி நேரம் வரும்," என்றேன்.

போய்விடுவார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். சொர்ணம் டீ போடப் போனாள்.