நனைந்தது சேர்மன் மட்டும்

ஜூன் 3, செவ்வாய்

ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். அதற்குள் ஸ்பானர் அக்கா குனிந்து உள்ளே வந்துவிட்டார். குழாய் பொருத்துவோர் சங்கத்தின் செயலாளர். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் எனக்கும் அக்காதான், நகராட்சி சேர்மனுக்கும் அக்காதான். பையில் எப்போதும் ஒரு ஸ்பானர் இருக்கும். மேடையில் பேசும்போது மைக்கை ஒரு கையிலும் அதை மறு கையிலும் பிடித்துக்கொள்வார். எதிர்க்கேள்வி குறைவாகத்தான் வரும்.

"முதலாளி, முதல்ல உட்காருங்க. நின்னுக்கிட்டு கேட்டா விழுந்துடுவீங்க."

உட்கார்ந்தேன். சொன்னார். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் ஸ்பிரிங்ளர் வைக்க வேண்டும் என்று நகராட்சியில் தீர்மானம் வரப்போகிறதாம். கூரையில் குழாய், குழாயில் வரிசையாகத் தண்ணீர் பீய்ச்சும் மூக்குகள், தீப்பிடித்தால் தானாகத் திறக்கும். போன வருடம் ஒரு பள்ளி நூலகம் எரிந்ததே, ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிள்ளைகள் பிழைத்தார்களே, அதன் பிறகு இப்போதுதான் இவர்களுக்கு விழிப்பு வந்திருக்கிறது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சைக்கிளில் குழாயைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக விற்றவன் நான். இந்த ஊரில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை வகுப்பறை, ஒவ்வொரு கூரையிலும் என் இரும்புக் குழாய். மனைவியிடம் சொல்ல மாடிக்கு ஓடினேன், இரண்டிரண்டு படியாக.

"மெதுவா வாங்க. குழாய் எங்கயும் ஓடாது," என்றாள்.

ஜூன் 5, வியாழன்

எதிர்க்கடையில் பட்டாசு வெடிக்காத குறை. மச்சினனுக்கும் செய்தி எட்டிவிட்டது.

அவன் என் மனைவியின் தம்பி. எட்டு வருடம் என் கடையில் நின்று தொழில் கற்றான். பிறகு தெருவைக் கடந்து போய், என் முகத்துக்கு நேரே பிளாஸ்டிக் குழாய்க் கடை வைத்தான். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு அளவாகத்தான். தெரு நடுவில் மட்டும் பேசிக்கொள்வோம், அது யாருடைய இடமும் இல்லை என்பதால்.

இன்று அங்கேதான் பிடித்துக்கொண்டான். "மாமா, ஸ்பிரிங்ளருக்குன்னே தனி பிளாஸ்டிக் வந்திருக்கு. தீக்குத் தாங்கும். வெயிட் கிடையாது, துரு கிடையாது. உங்க இரும்பைத் தூக்க யானை வேணும்."

"உன் குழாயை ஒட்டறது பசை மாப்ள. ஸ்கூல் பிள்ளைங்க கைவேலை மாதிரி இருக்கு."

"அப்ப ஸ்கூலுக்கு ரொம்பப் பொருத்தம் மாமா."

பதில் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எனக்குத் தோன்றியது. அப்போது அவன் சாப்பிடப் போயிருந்தான்.

ஜூன் 8, ஞாயிறு

சங்க அலுவலகத்தில் நானும் ஸ்பானர் அக்காவும். ஜென்மப் பகையாளிகள் ஒரே பெஞ்சில். கூலி பேசும் நாளில் இந்த அம்மாள் என்னைப் பிழிந்தெடுப்பார், நான் அழுவேன், அவர் நம்ப மாட்டார். இன்றோ இருவருக்கும் ஒரே நோக்கம்: தீர்மானத்தில் 'இரும்புக் குழாய் மட்டும்' என்று வரி வர வேண்டும். எனக்கு விற்பனை. அவருக்கு ஆள்.

"இரும்புன்னா வெட்டணும், மரை போடணும், தூக்கணும், முறுக்கணும். பத்துப் பேருக்கு வேலை. உங்க மச்சினன் குழாய்க்குப் பசை தடவ ரெண்டு பேர் போதும். மீதி எட்டுப் பேர் வீட்டு அடுப்பை யார் எரிப்பா?"

நியாயம்தான். நான் தலையாட்டிய வேகத்தில் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

சேர்மன் தந்திரக்காரர். அவருக்குத் தீர்மானமே பிடிக்கவில்லை. செலவுக்குப் பயந்த தனியார் பள்ளிக்காரர்கள் அவர் காதிலேயே குடியிருக்கிறார்கள். இன்று கூட்டத்தில் சொன்னாராம்: "இரும்புங்கிறார் ஒருத்தர், பிளாஸ்டிக்ங்கிறார் ஒருத்தர். தொழில் தெரிஞ்சவங்களுக்கே ஒத்து வரல. ஒத்துவரட்டும், அப்புறம் பார்க்கலாம்."

அப்புறம் என்றால் என்ன அர்த்தம் என்று வியாபாரிக்குத் தெரியாதா? 'அப்புறம் வரேன்' என்று போன வாடிக்கையாளர் எவராவது வந்திருக்கிறாரா?

தலைமை ஆசிரியை ஒருவர் எழுந்து, என் பள்ளி ஹாலில் போட்டுக் காட்டுங்கள், பார்த்து முடிவு செய்யட்டும் என்றாராம். பாதி ஹாலுக்கு இரும்பு, பாதிக்கு பிளாஸ்டிக். இருபத்தொன்றாம் தேதி, எல்லோர் முன்னாலும் ஒரு டிரம்மில் தீ மூட்டி சோதனை. கேள்விப்பட்டதும் அந்தப் பள்ளி இருக்கும் திசை பார்த்து நான் மனதுக்குள் கும்பிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஹாலில் வேலை. சங்கத்து ஆட்கள் என் பக்கம் பாட்டு போட்டுக்கொண்டு மரை போடுகிறார்கள். அவன் பக்கம் அவனும் இரண்டு பையன்களும், சத்தமே இல்லாமல் ஒட்டிக்கொண்டு போகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. சுத்தமாகச் செய்கிறான். நான் கற்றுக்கொடுத்த மட்டம், நான் கற்றுக்கொடுத்த கிளாம்ப் இடைவெளி.

அதை அவனிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுவதோடு சரி.

ஜூன் 20, வெள்ளி

இரண்டு பக்கமும் தண்ணீர் ஏற்றியாகிவிட்டது. ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை.

மாலையில் எல்லோரும் போன பிறகு எனக்கு ஒரு யோசனை. அற்புதமான யோசனை. என் கடைப் பேனரை எடுத்து வந்தேன். பன்னிரண்டு அடி நீளம், சிவப்பு எழுத்து. கட்டினேன் — என் பக்கம் இல்லை, அவன் பக்கம். மேடைக்கு நேர் மேலே. அவனுடைய வெள்ளைக் குழாய் முழுக்க என் பேனருக்குப் பின்னால் மறைந்துவிட்டது. பார்க்கிறவன் கண்ணுக்கு ஹால் முழுவதும் என்னுடையது. இந்த வயதில் ஏணியில் நானே ஏறினேன். கட்ட இடம் வேண்டுமே, கைக்கு எட்டிய இடத்தில் கம்பியை நுழைத்து இரண்டு முறுக்கு முறுக்கினேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். "உங்களுக்கு அம்பத்தி ரெண்டா, பன்னெண்டா?" என்றாள். தம்பிக்குப் போன் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 21, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஹால் நிறைய ஆட்கள். கவுன்சிலர்கள், பெற்றோர்கள், சங்கத்தார், பள்ளி நிர்வாகிகள். புழுக்கம் என்று யாரோ பெரிய ஃபேனைப் போட்டார்கள். சேர்மன் வெள்ளைச் சட்டையில் மேடை நடுவில், என் பேனருக்கு நேர் கீழே. தீ மூட்டும் முன் ஒரு வார்த்தை என்று ஆரம்பித்தார். அது ஒரு வார்த்தையாக இல்லை.

"ஒரு மூலையில எவனோ குப்பையைக் கொளுத்துறான்னு வைங்க. உடனே மொத்தக் கூரையும் கொட்டும். அத்தனை பிள்ளையும் நனையும், அத்தனை புத்தகமும் நனையும், அத்தனை கம்ப்யூட்டரும் —"

ஃபேன் காற்றில் பேனர் வயிறு உப்பியது. மேலே 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு தண்ணீர்.

சேர்மன் மேல். முழுவதும் சேர்மன் மேல். பக்கத்து நாற்காலியில் இருந்த துணைத்தலைவருக்குச் செருப்புதான் நனைந்தது. சேர்மன் வாய் திறந்தது திறந்தபடி, மைக்கைக் கீழே வைக்கத் தோன்றாமல் நிற்கிறார். ஸ்பானர் அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வால்வுக்கு ஓடியதைப் பார்க்க வேண்டுமே. அவர் மூடும் வரை அந்த மனிதர் நகரவே இல்லை.

"பிளாஸ்டிக் வெடிச்சிடுச்சு" — யார் முதலில் சொன்னார்களோ. ஒருத்தர் சொன்னார், பிறகு ஹாலே சொன்னது. மச்சினன் முகத்தைப் பார்த்தேன். சுண்ணாம்பு. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான், எங்கே தவறு செய்தோம் என்று ஒவ்வொரு ஒட்டாகத் தேடிக்கொண்டிருந்தான்.

எனக்குத் தெரியும் எங்கே என்று. ஸ்பிரிங்ளர் மூக்கில் இரண்டு பித்தளைக் கைகள், நடுவில் சிவப்புத் திரவம் நிரப்பிய கண்ணாடிக் குமிழ். சூட்டில் அது உடைந்தால் தண்ணீர் திறக்கும். இழுத்தாலும் உடையும். வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்கிறேன்: 'இதுல மட்டும் எதையும் தொங்கவிடாதீங்க'. நேற்று என் கம்பியை நுழைத்த இடம் அந்தக் கைகளுக்கு நடுவில்.

ஸ்பானர் அக்கா வால்வை மூடிவிட்டுத் திரும்பி வந்தார். அண்ணாந்து பார்த்தார். கம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, அவருக்கும் எனக்கும் லாபம். ஒரு கவுன்சிலர் எழுந்து, "அப்ப இரும்பு மட்டும்னே போட்டுடலாம்" என்று சொல்லியே விட்டார். நான் கேட்ட அதே வரி. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

நின்றேன். கொஞ்ச நேரம் நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அப்போது பின் வரிசையில் ஒரு நிர்வாகி சொன்னது காதில் விழுந்தது: "இரும்போ பிளாஸ்டிக்கோ, பிள்ளைங்க தலை மேல தண்ணிய தொங்கவிடறதே தப்பு." சுற்றியிருந்த தலைகள் ஆடின. என் வியாபார மூளை அங்கேதான் விழித்தது. இன்று மச்சினன் குழாய் செத்தால் நாளை என் குழாயும் செத்தது. மூளை சொன்னது அது. ஆனால் கால் அதற்கு முன்பே நடக்க ஆரம்பித்துவிட்டது, அவன் அந்த ஒட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த மூஞ்சியைப் பார்த்து.

சேர்மன் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். ஈரம். ஷாக் அடிக்குமோ என்று ஒரு நொடி பயம்.

"குழாய் வெடிக்கல. என் மச்சினன் வேலையில ஒரு குறையும் இல்ல. நான்தான் நேத்து சாயங்காலம் வந்து அவன் குழாயை மறைக்க என் பேனரை அந்த மூக்குல கட்டினேன். முப்பது வருஷமா இதை விக்கிறேன். கட்டக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நான்தான்."

சொட்டச் சொட்ட நின்ற சேர்மனைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வருகிறது. "ஆனா ஒண்ணு பாருங்க. ஒண்ணு திறந்துச்சு. மீதியை எண்ணிக்குங்க, ஒண்ணு கூடத் திறக்கல. எல்லாம் கொட்டும்னு ஐயா சொன்னாங்க. ஐயா மட்டும்தான் நனைஞ்சாங்க."

முதலில் சிரித்தது தலைமை ஆசிரியை. பிறகு சங்கத்தார். பிறகு ஹாலே குலுங்கியது. சேர்மன் தன் சட்டையைப் பார்த்தார், பக்கத்தில் உலர்ந்திருந்த துணைத்தலைவரைப் பார்த்தார், அவருக்கும் உதடு கோணியது.

மச்சினன் மேடைக்கு வந்து துண்டு கொடுத்தான். கொடுத்துக்கொண்டே, மைக்கில் கேட்கும்படி: "சட்டை வெள்ளையாவே இருக்கு பாருங்க ஐயா. மாமா குழாயா இருந்தா முதல் தண்ணி கறுப்பா, மரை வெட்டின எண்ணெயோட வந்திருக்கும்."

பாவி. அது உண்மையும்கூட. டிரம்மில் தீ மூட்ட அதன் பிறகு யாருக்கும் நினைவு வரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஸ்பானர் அக்கா வந்தார். உட்காரவில்லை.

"நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இரும்புதான் முதலாளி."

"தெரியும் அக்கா."

"என் ஆளுங்களுக்கு நான் என்ன சொல்ல?"

கேட்டுவிட்டு ஸ்பானரை மேசையில் வைத்தார். பிறகு தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மச்சினன் ஒரு குழாயை எடுத்துக் கொடுக்கிறான், அக்கா பசை தடவுகிறார், தவறாக ஒட்டுகிறார், பிரிக்க முடியாமல் முறைக்கிறார். மறுபடி தடவுகிறார்.

திரும்பி வந்து சொன்னது ஒரே வாக்கியம்: "இதுக்கும் கை பழகணும். பழகின ஆளுதான் செய்யணும்னு எழுத வைக்கிறேன்."

ஜூன் 24, செவ்வாய்

மனைவி இன்று தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். என்னிடம் கேட்கவில்லை. அவனும் வந்தான். சாப்பிடும்போது தலை நிமிராமல், "மாமா, கம்பியை எத்தனை சுத்து சுத்தினீங்க?" என்றான்.

"ரெண்டு."

"அதான். ஒரு சுத்து சுத்தியிருந்தா தப்பிச்சிருக்கும்."

மூவரும் சாப்பிட முடியாமல் சிரித்தோம். அவளுக்குப் புரையேறிவிட்டது. இப்படிச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று யோசித்தேன், கணக்கு வரவில்லை. கணக்கு வராதது எனக்கு இதுதான் முதல் தடவை.

ஜூலை 18, வெள்ளி

நிறைவேறிவிட்டது. எல்லாப் பள்ளிகளுக்கும். மூன்று ஆண்டுக்குள். திறந்த இடங்களில் இரும்பு, ஃபால்ஸ் சீலிங் உள்ளே பிளாஸ்டிக்கும் போடலாம். எதுவானாலும் பயிற்சி பெற்ற பொருத்துநர்கள்தான் செய்ய வேண்டும், பயிற்சியைச் சங்கம் தரும். ஸ்பானர் அக்கா சொன்னதைச் செய்துவிட்டார்.

சேர்மன் ஆதரித்து வாக்களித்தார். "நனைஞ்சவன் சொல்றேன், நம்புங்க," என்றாராம்.

கடைசியில் ஒரு விதி சேர்த்திருக்கிறார்கள்: ஸ்பிரிங்ளர் மூக்கில் பேனர், தோரணம், விளம்பரம் எதையும் தொங்கவிடக் கூடாது. சங்கத்து ஆட்கள் அதற்கு 'முதலாளி விதி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தெருவில் போனால் "விதி வராரு" என்கிறார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குடோனில் பாதியைக் காலி செய்து பயிற்சிக்குக் கொடுத்தேன். வாடகை பேசினேன், அக்கா பேச விடவில்லை. மச்சினன் வகுப்பு எடுக்கிறான். சங்கத்து ஆட்கள் பத்துப் பேர் கையில் பசையோடு வரிசையாக நிற்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் கைவேலை செய்கிற மாதிரியே. நான் வாசலில் நின்று பார்த்தேன். ஒருவனுக்கு விரலோடு விரல் ஒட்டிக்கொண்டுவிட்டது.

செப்டம்பர் 9, செவ்வாய்

மச்சினன் கடைக்குப் புதுப் பேனர் கட்டினான். ஏணி என்னுடையது. நான் கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தேன். சுவரில் அடிக்கிற ஆணி. மேலே கட்டி முடித்த பிறகுதான் படித்தேன்: அவன் கடைப் பெயருக்குக் கீழே என் கடைப் பெயர். கொஞ்சம் சின்ன எழுத்தில்.

ஏன் சின்னது என்று கேட்டேன்.

"உங்க வீட்ல இருக்கிற எங்க அக்கா சொன்ன அளவு, மாமா."