ஆற்றை நேரம்?

இன்று காலை உன் போன் ஒருமுறை அதிர்ந்தது. என் மேசையில், என்னுடைய போனுக்குப் பக்கத்தில் கிடந்தது. யாரோ உன்னை அழைக்கிறார்கள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால், போன் தன்னைப் புதுப்பித்துக்கொண்டதாம். உலக நாடுகளின் நேர விபரங்கள் சரிசெய்யப்பட்டுவிட்டனவாம், இவ்வளவு காலம் கழித்து. நீ இருந்திருந்தால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இப்ப ஏன் திடீரெண்டு திருத்துறாங்கள்? எதையோ மறைக்கிறாங்கள்" என்றிருப்பாய். சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், எனக்கும் இன்று அதுதான் தோன்றியது.

உன் மனைவி அந்தப் போனை அணைக்கவே விடவில்லை. நீ போன நாளிலிருந்து சார்ஜ் போட்டுச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்திருந்தார். போன கிழமை, ஒரு வருடம் முடிகிற உன் ஆட்டைத் திவசத்துக்கு முன், அதிலுள்ள படங்களை எடுத்துத் தரச்சொல்லி என்னிடம் தந்தார். கம்பனியில் கொம்பியூட்டர் பார்க்கிறவன் என்பதால் பாரிஸ் லா சப்பலில் நம் ஆட்களில் யாருடைய போன் மக்கர் பண்ணினாலும் அது என் தலையில்தான் விழும். உனக்குத் தெரியாததா.

உனக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது. உன் மரக்கறிக் கடையில் விலை கேட்காமல் வாங்குகிறவனையும் சந்தேகிப்பாய், கேட்டு வாங்குகிறவனையும் சந்தேகிப்பாய். நேரத்தில் மட்டும் அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. போர்க்காலத்தில், இலங்கையில் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னே தள்ளியபோது, இயக்கத்தின் கையிலிருந்த நம் பக்கத்தில் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு நேரம், அந்தப் பக்கம் அரை மணித்தியாலம் கூடிய நேரம். பழைய நேரத்தை நம்பிப் போன நீ, பாதை பூட்டியபிறகு வெயிலில் நின்று, அம்மாவின் செத்தவீட்டைத் தவறவிட்டாய். அதன்பிறகு யார் எந்த நேரம் சொன்னாலும், அது யாருடைய நேரம் என்பதுதான் உன் கேள்வி: "ஆற்றை நேரம்?"

பாரிஸ் வந்தும் அது விடவில்லை. பிரெபெக்தூர் அலுவலகத்தில் விசா அட்டைக்கு நாள் குறித்துத் தந்த பெண்ணிடம், உன் உடைந்த பிரெஞ்சில், இது யாருடைய நேரம் என்று கேட்டாய். அவள் சுவரில் இருந்த மணிக்கூட்டைக் காட்டினாள். நீ உன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு என் காதில், "உவையின்ரை மணிக்கூடு பிந்தி ஓடுது. சுத்துமாத்து" என்றாய். நான் சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே ஓடினேன்.

உன் மகனுக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை. அவன் உண்மையிலேயே வேலைக்குத்தான் போகிறானா என்று பார்க்க, ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு அவனுடைய பியூரோ வாசலில் போய் நின்றாய். கூட வேலை செய்கிறவர்களோடு சாப்பிட வெளியே வந்தவன் உன்னைக் கண்டுவிட்டான். கெய்ரோவில் ஒரு வேலை கிடைத்ததும், உன்னிடம் ஒரு சொல் சொல்லாமல் போனான். அதன்பிறகு அவன் அழைப்பது தாயை, இல்லாவிட்டால் என்னை. நீ பக்கத்தில் நின்றால் காது கேளாதவன் மாதிரிப் பூசணிக்காயைத் துடைப்பாய்.

உனக்கு நெஞ்சில் வெட்டு, இதய ஒப்பரேஷன், என்று முடிவானபோது நான்தான் அவனோடு கதைத்தேன். "ஒருக்காத்தான் கோல் எடுப்பன், மாமா. அவர் எடுக்காட்டி எனக்கு விளங்கும். பிறகு என்னைக் கேக்காதேங்கோ" என்றான். அழைக்கப்போகும் நேரத்தைக் கெய்ரோ நேரப்படி போட்டு உன் போன் கலண்டருக்கு அனுப்பிவைத்தான். உன் போன் அதைப் பாரிஸ் நேரமாக மாற்றி, ஐந்து மணி என்று காட்டியது. உன்னிடம் காட்டினேன்.

"ஆற்றை நேரம்?"

"மச்சான், அதெல்லாம் போனே கணக்குப் பாத்துப் போடும்."

"அதுதான் எனக்குப் பயம்."

நீ சொன்னது சரியாகத்தான் போயிற்று. எகிப்தில் பல வருடங்களாகக் கைவிட்டிருந்த, மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளும் கோடைகால நேரத்தை அந்த வருடம் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். அப்படி ஒரு நாடு மணிக்கூட்டை மாற்றினால், உலகத்து நேரங்களையெல்லாம் தொகுத்துவைக்கிறவர்கள் உடனே திருத்திவிடுவார்கள். ஆனால் அந்தத் திருத்தம் ஊரிலிருந்து கைமாறிக் கைமாறி வரும் மிளகாய்த்தூள் பார்சல் மாதிரி. ஒருத்தர் திரான்சியில் தன் வீட்டில் வைத்திருப்பார், இன்னொருத்தர் லீவில் போயிருப்பார். கொம்பியூட்டருக்கு ஒரு வழி, புதுப் போனுக்கு ஒரு வழி, உன்னுடையது போன்ற பழைய போனைச் செய்தவர்கள் நினைத்தால்தான் உண்டு. அவனுடைய கொம்பியூட்டருக்குப் பார்சல் போய்விட்டது. உன் போனுக்குப் போகவில்லை. அவனுடைய நேரப்படி பாரிஸில் அப்போது நாலு மணிதான்.

நான் ரூ காய் தெருவில் மீன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு ஐந்துக்குக் கொஞ்சம் முன்னதாக உன் கடைக்கு வந்தேன். மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் கடகடவென்று போய்க்கொண்டிருந்தது. நீ ஒரு அம்மாவுக்குப் பாகற்காய் நிறுத்துக்கொண்டிருந்தாய். கண் சிவந்திருந்தது.

"கதைச்சாச்சு" என்றாய்.

"ஆரோடை?"

"ஆரோடை எண்டு கேக்கிறாய். அவனோடைதான். நீ நம்பின போன் என்னைப் பேய்க்காட்டப் பாத்தது."

"அப்ப நீ எப்பிடி எடுத்தனி?"

"உவன் வேணுமெண்டு முந்தி எடுத்திட்டு, அப்பா எடுக்கேல்லை எண்டு எல்லாருக்கும் சொல்லுவான். எனக்குத் தெரியாதே அவன்ரை விளையாட்டு? அதுதான் மத்தியானம் சாப்பிட்ட கையோடை போனுக்கு முன்னாலை வந்து இருந்திட்டன்."

என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன். "அங்கை வெண்டிக்காய் மலிவாம்" என்றாய், அவ்வளவுதான். அடுத்த கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை.

அன்றே ஒன்றைக் கவனித்தேன், கேட்கவில்லை. நீ சவரம் செய்திருந்தாய். கோயில் தேருக்கு மட்டும் எடுக்கும் அந்த வெள்ளை முழுக்கைச் சேட்டைப் போட்டு, அதற்கு மேலே கடை அங்கியைக் கட்டியிருந்தாய். கள்ளனைப் பிடிக்கக் காத்திருப்பவன் எதற்கு மச்சான் நல்ல சேட்டுப் போடவேண்டும்? உன் சந்தேகங்களை எத்தனையோ வருடம் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். நீ சொன்ன காரணத்தைச் சந்தேகிக்க எனக்கு அன்றுதான் தோன்றியது.

திவசத்துக்கு உன் மகன் வந்திருந்தான். படங்கள் பார்க்க உன் போனைக் கொடுத்தேன். தட்டிக்கொண்டே போனவன் கலண்டரில் நின்றுவிட்டான். தான் அனுப்பியது அதில் ஐந்து மணி என்று கிடந்தது.

"மாமா, நான் எடுத்தது நாலுக்கு. முதல் மணி அடிக்கேக்கையே அப்பா எடுத்தவர்."

"ஓம்."

"அப்ப அவர் ஒரு மணித்தியாலத்துக்கு முந்தியே பாத்துக்கொண்டு இருந்தவரோ? எனக்காக?"

பாகற்காயும் கள்ளனும் விளையாட்டும் எல்லாம் என் நாக்கு நுனிவரை வந்தன. வெள்ளைச் சேட்டும் வந்தது. "ஓம்" என்று மட்டும் சொன்னேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தான். எனக்குக் கேட்கவில்லை, கேட்கவும் விரும்பவில்லை.

இன்று புதுப்பித்தபிறகு உன் கலண்டரைத் திறந்து பார்த்தேன். ஐந்து மணி தானாக நாலு மணியாகிவிட்டது. போன் சரியாகிவிட்டது. இனி யார் பார்த்தாலும், மகன் நாலுக்கு எடுத்தான், தகப்பன் நாலுக்குப் பதில் சொன்னார், நேரத்துக்கு நடந்த ஒரு சாதாரண அழைப்பு. நீ முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்ததற்கு அதில் இப்போது ஒரு அடையாளமும் இல்லை. இவ்வளவு பிந்தி வந்து அதைத்தானா திருத்தவேண்டும்?

போனைத் துடைத்து உறையில் போட்டுவிட்டேன். பின்னேரம் கொண்டுபோய் உன் மனைவியிடம் கொடுக்கவேண்டும். நீ எங்களையெல்லாம் ஏமாற்றிவிட்டுக் காத்திருந்ததற்குச் சாட்சியான அந்த ஒரு மணித்தியாலத்தை நான் கொடுக்கப்போவதில்லை. அது என்னோடு இருக்கட்டும்.