எக்ஸார் யார் சொல்லித் தந்தது?

மார்ச் 3

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலம். நேற்றுதான் படகு வந்தது, காய்கறி மூட்டையோடு உன் கடிதமும். எண்ணெய் எடுக்கும் இந்தக் கடல் மேடையில் தீப்பொறிக்குப் பயந்து போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். படகுதான் கதி.

பகலெல்லாம் பல் டாக்டர் கிளினிக்கில் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் நீ கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவதில் எனக்குப் பெருமைதான். அதுவும் அசெம்பிளி, பிராசஸருக்கு நேராக ஒவ்வொரு கட்டளையாகச் சொல்லும் மொழி! இங்கே கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு அதில் எழுதித்தான் எனக்குச் சோறு.

உன் கேள்விக்கு வருகிறேன். 'மொத்தம் = ஆண்கள் + பெண்கள்' என்று நாம் ஒரே வரியில் எழுதிவிடுவோம். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸருக்கு அவ்வளவு பெரிய கவளம் தொண்டையில் இறங்காது. அதனிடம் ரெஜிஸ்டர் என்று சின்னச் சின்ன டப்பாக்கள் உண்டு. ஆண்களை டப்பாவில் போடு. பெண்களை அதோடு கூட்டு. டப்பாவில் இருப்பதை மொத்தத்தில் கொண்டுபோய் வை. ஒரு வரி மூன்றாகிவிடும், அவ்வளவுதான் மொழிபெயர்ப்பு.

நீ தடுக்கி விழுந்தது 'என்றால்' வரும் இடத்தில். 'மழை பெய்தால் குடையை எடு' என்பதை, 'மழை இல்லையென்றால் குடை வரியைத் தாண்டிப் போ' என்று திருப்பிப் போட்டு எழுத வேண்டும். எல்லோரும் விழும் பள்ளம்தான், வருத்தப்படாதே.

அதிருக்கட்டும். ஒரு கடிதத்துக்குள் எத்தனை இடத்தில் உன்னோடு படிக்கும் அந்த மருந்துக்கடைக்காரர் வருகிறார்! பக்கத்து நாற்காலி என்கிறாய். வகுப்பில் வேறு நாற்காலியே கிடையாதா? சும்மா கேட்டேன்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 14

அன்புள்ள என்னங்க,

நீங்கள் சும்மா கேட்கும் கேள்விகளுக்குத்தான் எனக்குப் பயம். நாற்காலி நிறைய இருக்கிறது. மின்விசிறிக்குக் கீழே இருப்பது இரண்டுதான். ஒன்றில் நான், ஒன்றில் அவர்.

குடை விஷயம் நன்றாகப் புரிந்தது. இத்துடன் அடுத்த பயிற்சியை வைத்திருக்கிறேன். பட்டியலில் உள்ள எண்களை எல்லாம் கூட்டி, வந்ததை இரண்டால் பெருக்க வேண்டும்; அதே வரிகள் திரும்பத் திரும்ப ஓடும் லூப். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். ஆசிரியை அதை வகுப்பில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். எனக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. நன்றாகப் பாருங்கள், பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. மருந்துக்கடைக்காரர்தான் ஸ்கூட்டரில் தெருமுனைவரை விட்டார். இதை ஒளித்தால் நாளைக்கு அது வேறு கதையாகிவிடும் என்று எழுதுகிறேன். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நீங்கள் வந்தால் பார்ப்பீர்கள் என்று வாளி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 23

வீட்டுக்காரிக்கு,

பயிற்சியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு தப்பும் இல்லை. அதுதான் உறுத்துகிறது.

EAX என்ற டப்பாவைக் காலி செய்ய முந்திய கடிதங்களில் நான் உனக்குச் சொன்னது MOV EAX, 0. சைபரை எடுத்து உள்ளே போடு, முடிந்தது. நீ எழுதியிருப்பது எக்ஸார், XOR EAX, EAX. டப்பாவைத் தன்னோடு தானே மோதவிட்டுச் சைபராக்குவது. பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எழுதும் வரி அது. லூப் முடிந்ததா என்ற சோதனையைத் தலையில் வைக்கச் சொன்னேன், நீ வாலில் வைத்துத் தாவல் ஒன்றை மிச்சம் பிடித்திருக்கிறாய். இரண்டால் பெருக்கப் பெருக்கல் கட்டளையே இல்லை. டப்பாவை அதோடேயே கூட்டிவிட்டாய். இது உன் கை இல்லை. உன் குழம்பில் வேறொருவர் உப்புப் போட்டால் எனக்குத் தெரியாதா?

எக்ஸார் யார் சொல்லித் தந்தது? ஆரம்ப வகுப்பில் எந்த ஆசிரியையும் இதைச் சொல்லித் தரமாட்டார். மருந்துக்கடையில் மருந்து மட்டும்தான் விற்கிறார்களா?

எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை. அந்த ஆள் உன் தாளில் பேனாவை வைத்துச் சுட்டிக்காட்டுவதும் நீ தலையாட்டுவதும் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. நேற்று வால்வு ஒன்றைத் தப்பாக மூடிவிட்டுச் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த வகுப்பை நிறுத்திவிடு. நான் வந்து சொல்லித் தருகிறேன். முடியாது என்றால் இந்த லீவில் நான் வரவில்லை, இன்னொரு தவணை இங்கேயே கிடக்கிறேன்.

இவன்

ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்பே உங்கள் தங்கை வந்துவிட்டாள். வகுப்பின் கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன விஷயம் என்றதும் பாவம், அவளுக்கே கூச்சம். "அண்ணன்தான் லெட்டர் போட்டுப் பாத்துட்டு வரச் சொன்னாரு, அண்ணி. உங்க பக்கத்துல யாரு உக்காருறாங்கன்னு." வெளியே கூட்டிப்போய்க் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அவள் உங்களிடம் என்ன சொன்னாளோ, நானும் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடைக்காரர் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார். குரலும் நல்ல குரல். அசெம்பிளி மட்டும் சுட்டுப் போட்டாலும் வரவில்லை. அவர்தான் என்னைப் பார்த்து எழுதுகிறார்.

எக்ஸார் யார் சொல்லித் தந்தது என்று கேட்டீர்கள். நாம் ஒரே வரியில் எழுதுவதை அசெம்பிளியாக மாற்றித்தர வகுப்புக் கம்ப்யூட்டரில் கம்பைலர் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. மாற்றியதைக் காட்டு என்றால் காட்டும். ஒவ்வொரு பயிற்சியையும் முதலில் கையால் எழுதுவேன். பிறகு அதன் எழுத்தைப் பக்கத்தில் வைத்து, எங்கே வேறுபடுகிறது, ஏன் என்று பார்ப்பேன். எக்ஸார் வரியில் முட்டிக்கொண்டு நின்றேன். காகிதத்தில் எண்ணை ஒன்றும் சைபருமாகப் பிரித்து, பிட் பிட்டாகப் போட்டுப் பார்த்தேன். எக்ஸாரில் ஒன்றும் ஒன்றும் மோதினால் சைபர், சைபரும் சைபரும் மோதினாலும் சைபர். எதைப் போட்டாலும் தன்னோடு மோதினால் சைபர்தான். புரிந்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஒன்று முதல் பத்துவரை கூட்டச் சொன்னால், அந்தக் கம்பைலர் திருடன் லூப்பையே தூக்கி எறிந்துவிட்டு விடையை மட்டும் 55 என்று எழுதி வைத்திருந்தான். இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் பார்த்துவிட்டுக் கேட்பீர்கள், அப்போது சொல்லலாம் என்று ஆசையாக வைத்திருந்தேன். கேட்டீர்கள்.

இன்னொருவனை நினைத்துப் பொறாமைப்பட்டதையாவது பொறுத்துக்கொள்வேன். அதில் என் மேல் கொஞ்சம் ஆசையும் இருக்கிறது. ஆனால் வேலை நன்றாக இருக்கிறது, அதனால் இது இவள் கை இல்லை என்று எழுதினீர்களே, அதுதான் தாங்கவில்லை. ஆசிரியையை நினைத்தீர்கள், மருந்துக்கடைக்காரரை நினைத்தீர்கள். நானாக இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை.

வகுப்பை நிறுத்தமாட்டேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பாடத்தை என்னையே எடுக்கச் சொல்லியிருக்கிறார் ஆசிரியை. லீவில் வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். வந்தால் கதவைத் திறப்பேன், சண்டையும் போடுவேன். கோபம் தணிந்துவிட்டதா என்று மட்டும் படகில் கேட்டு அனுப்பாதீர்கள். இன்னும் இல்லை.

உங்கள் வீட்டுக்காரி