வேலியோரக் கற்கள்

அன்புள்ள அம்மா,

உன் முட்டிவலி தேவலையா? மினசோட்டாவில் பனி உருகிவிட்டதா? நான் நன்றாக இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இங்கே ஒஹாயோவில் ஒரு பெரிய கிடங்கு கட்டுவதற்காக, போன வருஷம்வரை மக்காச்சோளம் விளைந்த நிலத்தின் மேல்மண்ணை வாரிக்கொண்டிருக்கிறோம். திங்கட்கிழமை ஒரு வேடிக்கை. புல்டோசரை நிறுத்தி இறங்கி, மண்ணில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கிப்போய் வேலியோரம் போட்டேன். பிறகு இன்னொன்று. பனி உருகி மண்ணுக்கு மேலே வரும் கற்களை உழவுக்கு முன் பொறுக்குவது, வசந்தம் வந்தால் நம் வயலில் செய்கிற வேலைதானே, கை தானாகச் செய்துவிட்டது.

மேஸ்திரி டுவேன் பார்த்துவிட்டார். "ஏம்மா சிக்ரிட், எந்தக் கலப்பை உடைஞ்சிடும்னு பொறுக்குற? நாளன்னைக்கு இது மேல காங்கிரீட் கொட்டப்போறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வேலியோரம் ஏற்கெனவே ஒரு கற்குவியல் இருந்தது, அம்மா. நம்முடையதைப் போலவே இடுப்பளவு உயரம். யாரோ காலங்காலமாகப் பொறுக்கிப் போட்டது. சாயங்காலம் அதைத் தள்ளி நிரவியதும் நான்தான்.

கொட்டகையில் தொங்கும் என் தோல் கையுறையை அனுப்பு. நீ ஊறப்போட்ட வெள்ளரிக்காய் ஒரு பாட்டிலும். வடக்கு மூலைக் கற்களை நீ குனிந்து பொறுக்காதே, நான் வரும்வரை கிடக்கட்டும்.

எங்களை வேலைக்கு அழைத்துப்போகும் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். நம் நிலத்தை விலைக்குக் கேட்ட அந்த ஆள் மறுபடி வந்தாரா? நீயும் எத்தனை தடவைதான் முடியாது என்பாய். கையெழுத்துப் போடுவதானால் முதலில் எனக்குச் சொல். நம் மண்ணை வேறு யாரும் வார வேண்டாம். நானே வந்து வாருகிறேன்.

உன் சிக்ரிட்